ஓடம்போக்கியில் எடுத்த எழவு

நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேட்கலாம், நம்பாதவர்கள் நின்றுகொண்டே கேட்டுவிட்டுக் கிளம்பலாம், நடந்தது நடந்ததுதான்: ஓடம்போக்கி ஆறு வற்றி, பாலத்தடி மடுவில் மட்டும் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒரு பங்குனி மாதத்தில், அக்கரை மாரியம்மன் திருவிழாவுக்காகப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்த மைக்செட் உத்திராபதியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி மடுவுக்குள் விழுந்தது. எல்லாம் அந்த ஸ்பேனரால் வந்தது. ஸ்பேனர் மட்டும் இன்றுவரை வரவில்லை.

உத்திராபதி யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாகவேண்டும். எங்கள் நாணல்மூலையில் கல்யாணமோ, காதுகுத்தோ, கிடாவெட்டோ, சாவோ, எதுவாக இருந்தாலும் அது அவன் குரலில் குழாய் வழியாக வந்து காதில் விழுந்தால்தான் நடந்ததாக அர்த்தம். ஒருமுறை அவன் மாமனார் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் கீழத்தெருப் பெரியவர் ஒருவர் செத்துப்போனார். மறுநாள் இவன் வந்து மைக்கைத் தட்டி இன்னார் இயற்கை எய்தினார் என்று சொல்கிற வரைக்கும் அந்தப் பெரியவர் சாய்வு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் பெண்டாட்டி வேளாவேளைக்குக் காப்பி ஆற்றி வைத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேருக்கும் அதில் ஒரு மனக்குறையும் இல்லை. அப்படிப்பட்ட குரல் அது.

ஸ்பேனரை எடுப்பதற்காக உத்திராபதி, கோன் கிழிந்துபோன ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்து, அதிலிருந்த வட்டக் காந்தத்தை நைலான் கயிற்றில் கட்டி மடுவில் இறக்கித் துழாவினான். பாலத்தில் போகிறவர்கள் அம்மனை நினைத்து ஆற்றில் போடுகிற சில்லறையைப் பொறுக்க எங்கள் பக்கத்தில் இப்படிக் காந்தம் போடுவது வழக்கம்தான் என்பதால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிறு கனத்தது, இழுத்தான். கன்றுக்குட்டியின் நாக்கைப் போலத் தட்டையாக, கறுப்பாக ஒரு இரும்பு வந்தது. அது கதவில் கழன்றதா, வண்டியில் கழன்றதா, என்றைக்கோ உடைந்த ஓடத்தில் கழன்றதா என்று சொல்லவே முடியாத இரும்பு. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்து, “என்னாங்க அது, தோசைக்கல்லா?” என்று கேட்டாள். கேட்டு வாயை மூடுவதற்குள் அது தோசைக்கல்லாக இருந்தது.

சாயங்காலம் அவள் அதில் தோசை வார்த்தாள். முதல் தோசையே ஒட்டாமல் வந்தது. புதுக் கல்லில் முதல் தோசை ஒட்டாமல் வந்ததைத்தான் தெருவே அதிசயமாகப் பேசிக்கொண்டது.

ஆற்றுக்குள் கிடக்கிற இரும்புக்குத் தன் பெயர் மறந்துவிட்டது, கரைக்கு வந்ததும் முதலில் யார் என்ன சொல்கிறார்களோ அதுவாக அது ஆகிவிடுகிறது என்று எங்களுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. ஏன் மறந்தது என்று கேட்கிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. ரேஷன் கடையில் துவரம்பருப்பு ஏன் வரவில்லை என்றுகூட நாங்கள் கேட்பதில்லை. டீக்கடை சிங்காரவேலு பானை பருமனுக்கு வந்த ஒரு துண்டைப் பார்த்து “பாய்லர்” என்றான், பாய்லர் கிடைத்தது, அதில் போட்ட டீக்கு லேசாக ஆற்று மீன் வாசனை வந்தாலும் யாரும் குறை சொல்லவில்லை. பெண்கள் தேங்காய்த் துருவியும் அரிவாள்மணையும் இடுக்கியுமாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அளவு மட்டும் மாறாது. அது தெரியாமல் பஞ்சாயத்து பிரசிடெண்ட் வைரக்கண்ணு, கைக்கு அடக்கமான ஒரு துண்டைப் பார்த்து ஆசையை அடக்கமாட்டாமல் “டிராக்டர்” என்று கத்திவிட, உள்ளங்கையில் உட்காருகிற டிராக்டர் ஒன்று வந்து சேர்ந்தது; அது குழந்தைக்கு மருந்து புகட்டுகிற சங்கால் அரைச் சங்கு டீசல் குடித்தது, அவர் வீட்டுத் துளசி மாடத்தை ஒழுங்காகச் சால் பிடித்து உழுது போட்டது.

கோளாறு வந்தது கலியமூர்த்தி வாத்தியாரால். ரிட்டயரான சயின்ஸ் வாத்தியார் என்பதால் அவரிடம் ஒரு துண்டைக் கொடுத்து இது என்ன என்று கேட்டோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நேர்மையான மனிதராகையால், “தெரியலையே” என்றார். அந்த நொடியிலிருந்து அது தெரியவில்லை. இன்றைக்கும் அது படித்துறையில் மூன்றாம் படியின் ஓரத்தில்தான் கிடக்கிறது, குளிக்க இறங்குகிறவர்களின் கால் கட்டைவிரல்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் ஊர்கூடி ஒரு கட்டுப்பாடு போட்டோம். காந்தம் போடுகிற நேரத்தில் கரைக்கு வருகிற யாரானாலும் ஒரு வாய் ஆற்றுத் தண்ணீரை மொண்டு வாயில் வைத்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். பெயர் சொல்கிற உரிமை ஒருவனுக்கு மட்டும், உத்திராபதிக்கு. இத்தனை வருஷ மைக்கில் ஒரு மாப்பிள்ளையின் பெயரைக்கூட மாற்றிச் சொல்லாதவன், நாக்கு குழறாதவன், வேறு யாரை நம்புவது? அப்படியே நடந்தது. ஊரே கன்னத்தை உப்பிக்கொண்டு கரையில் வரிசையாக நிற்கும், உத்திராபதி கயிற்றை இழுப்பான், யாருக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு கணீரென்று ஒரே வார்த்தை சொல்வான். எவனாவது தும்மினால் முன்வரிசைக்காரர்களுக்கு இன்னொரு குளியல், அவ்வளவுதான் சேதம்.

இந்தச் சமயத்தில்தான் உத்திராபதியின் ஒரே மகள் தையல்நாயகி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம், ஏறாத கோயில் இல்லை, சாப்பிடாத லேகியம் இல்லை, அப்படித் தங்கின பிள்ளை. நாள் நெருங்கிவிட்டது. “அப்பா, ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்குற, எம்புள்ளைக்கு ஒரு தொட்டில் கொக்கி எடுத்துக் குடுக்கமாட்டியா?” என்று அவள் கேட்டாள். இதைவிட உத்திராபதிக்கு வேறு என்ன வேலை? மறுநாள் விடிந்ததும் குளித்து விபூதி பூசிக்கொண்டு, காந்தத்துக்கும் ஒரு பொட்டு வைத்து மடுவில் இறக்கினான். ஊரே வாயில் தண்ணீரோடு நின்றது. நானும் நின்றேன், என் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அன்றைக்கு வந்த இரும்பு வழக்கத்தைவிடக் கனம். இரண்டு கையாலும் இழுத்துப் படியில் ஏற்றினான், ‘தொட்டில் கொக்கி’ என்று சொல்ல மூச்சைக்கூட இழுத்துவிட்டான், அதற்குள் காந்தத்திலிருந்து இரும்பு விடுபட்டு நேராக அவன் வலது கால் கட்டைவிரலில் விழுந்தது.

“ஐயோ! என்ன எழவுடா இது!”

நாணல்மூலையில் பிறந்த எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். பஸ் வராவிட்டாலும் என்ன எழவு, குழம்பில் உப்பு கூடினாலும் என்ன எழவு, பெற்ற மகன் நூற்றுக்கு நூறு வாங்கி வந்து நின்றாலும் “என்ன எழவுடா இது, நம்ம குடும்பத்துல இல்லாத பழக்கம்” என்று தட்டிக்கொடுக்கிற ஊர். ஒரு நாளைக்கு ஆயிரம் எழவு எங்கள் வாயில் விழும், ஒரு வீட்டிலும் விழாது. அன்றைக்கு விழுந்தது. கரை முழுக்க வாயில் வைத்திருந்த தண்ணீரை ஒரே நேரத்தில் விழுங்கிய ‘மடக்’ சத்தம் அக்கரைக்குக் கேட்டது.

இரும்பின் உருவம் மாறவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் சாமந்தியும் ஊதுவத்தியும் கலந்த வாசனை வந்தது, நின்றிருந்த பெண்களின் கைகள் அவர்களைக் கேட்காமலே கொண்டையை அவிழ்க்கப் போயின, எங்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைமுழுக வேண்டும்போல இருந்தது.

“சித்தப்பா, தூக்கி ஆத்துலயே போட்டுரு, தூக்கிப் போடு!” என்று சிங்காரவேலு கத்தினான்.

உத்திராபதி குனிந்தான். படியில் ஒன்றுமில்லை. எழவு என்றால் அது வீட்டில்தானே விழும். நொண்டிக்கொண்டே அவன் வீட்டுக்கு ஓட, பின்னாலேயே நாங்களும் ஓடினோம். கூடத்தில், தெற்கே தலையை வைத்து, அந்த இரும்பு நீட்டிப் படுத்திருந்தது. அதற்குத் தலை எது கால் எது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏற்றியது யார் என்று குஞ்சம்மாளுக்கும் தெரியாது. அவள் செய்தது ஒன்றுதான், மகளைக் கொல்லை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

மத்தியானத்துக்குள் அடுத்த ஊர்ப் பெண்கள் தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவானாலும் முதல் குரல் எடுத்து ஒப்பாரி வைக்கிற அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள். யாரும் ஆள் அனுப்பவில்லை. வந்த வேகத்தில் இரும்பைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள், திறந்தவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“யாருக்குப்பா அழணும்? பேரைச் சொல்லு.”

“யாரும் சாவலைங்க” என்றான் உத்திராபதி.

“சாவாமலா எழவு விழுந்துருக்கு? நல்லாருக்கே! நான் எத்தனை எழவு பாத்தவ, எங்கிட்டயே கதையா?”

“வாய் தவறிச் சொல்லிட்டேன் அம்மாக்கண்ணு, மன்னிச்சுக்க, எல்லாரும் எழுந்து போங்க.”

“வாய் தவறினா என்னா, கால் தவறினா என்னா, விழுந்தது விழுந்ததுதான். எழவுன்னா ஒரு பேரு வேணும், ஒரு வயசு வேணும், எடுக்குற நேரம் வேணும். அது மூணும் உன் வாயால, மைக்ல வரணும். அதுவரைக்கும் நாங்க எந்திரிக்க முடியாது, பாத்துக்க.” சொல்லிவிட்டு, இன்னார் என்று இல்லாமல் பொதுப்படையாக, ‘பேர் தெரியாத ராசாவே, ஊர் தெரியாமப் போனீயளே’ என்று இழுக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆளே இல்லாத அழுகை அவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. கேட்ட ஒவ்வொருவருக்கும் அது தனக்குத்தான் என்று பட்டது.

தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கிறவரைக்கும் எங்கள் ஊரில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், கோயில் நடை திறக்காது. பிணம் இல்லாத எழவுக்கு என்ன வழக்கம் என்று கேட்டபோது குருக்கள் வெகுநேரம் யோசித்து, “எழவு எழவுதானே” என்று கதவைப் பூட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். தோசைக்கல், பாய்லர், எல்லாம் ஆறிக் கிடந்தன. பிள்ளைகள் பச்சரிசியை மென்றன. வாசலில் மாலைகள் குவிந்தன, சங்கு ஊதுகிறவர் வந்து சம்பிரதாயமாக ஊதினார், பாடை கட்டுகிறவர்கள் மூங்கிலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நீளம் என்ன என்று கேட்டு நின்றார்கள். யார் நீளம் என்று சொல்வது? உத்திராபதி துண்டை எடுத்துத் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில்தான் அது ஆரம்பித்தது. முதலில் வந்தவர் வைரக்கண்ணு. உத்திராபதியின் தோளில் கையைப் போட்டு முருங்கை மரத்தடிக்கு அழைத்துப் போய், காதோடு காதாக, போன தேர்தலில் தன்னை எதிர்த்து நின்றவரின் பெயரைச் சொன்னார். “சும்மா ஒரு யோசனைதாம்ப்பா. அவருக்கும் சர்க்கரை இருக்கு, ஒண்ணும் பெருசா இல்ல இனிமே.” அவர் போனதும் அந்த எதிர்த்து நின்றவர் வந்து வைரக்கண்ணுவின் பெயரைச் சொன்னார். முன்வாசலில் ஒரு மருமகள் வந்து மாமியார் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், கொல்லை வாசலில் அந்த மாமியார் காத்திருந்தாள். வரப்புத் தகராறுக்காரர்கள் வந்தார்கள், பங்காளிகள் வந்தார்கள், சிங்காரவேலு வந்தான், வாத்தியார் வந்தார். எல்லாரும் வருத்தத்தோடுதான் சொன்னார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டுகூடச் சொன்னார்கள். என் பெயரை மூன்று பேர் சொன்னார்களாம். அதில் ஒருத்தி எனக்கு ரொம்ப வேண்டியவள். நான் யார் பெயரைச் சொன்னேன் என்று இங்கே எழுதுவதாக இல்லை. உத்திராபதி எல்லாவற்றுக்கும் காதைக் கொடுத்தான், துண்டை அவிழ்க்கவில்லை.

உச்சிப்பொழுதில் தையல்நாயகிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள், அதுவும் வந்தது, ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களின் வண்டிகள் பாலம்வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றன, எழவு எடுக்காமல் அவற்றில் ஒன்றும் நகராது, சாவி போட்டாலும் கிளம்பவில்லை. உள்ளே அவள் கத்தினாள். அந்தக் குரல் கேட்டதும் கூடத்தில் ஒப்பாரி நின்றது. அம்மாக்கண்ணு விரலை நீட்டிக் காட்டினாள். தெற்கே தலைவைத்துக் கிடந்த இரும்பு, தரையில் கோடு கிழித்துக்கொண்டு, மெல்ல, ரொம்ப மெல்ல, கொல்லை அறைக் கதவுப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

“பேரு சொல்லலைன்னா அதுவே தேடிக்கும்” என்றாள் அம்மாக்கண்ணு.

அப்போது வைரக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, மிருதுவாகச் சொன்னார்: “உத்திராபதி, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதே. பேரு வச்ச யாரைச் சொன்னாலும் ஒரு குடும்பம் அழியும். இன்னும் பேரே வைக்காத ஒண்ணு... வெளிச்சமே பாக்காத ஒண்ணு... ‘தையல்நாயகி சிசு’ன்னு சொல்லிட்டா ஊருக்கு யாரும் குறையமாட்டாங்க. பொண்ணு பொழச்சுக்குவா. நாளைக்கே இன்னொண்ணு தங்கும்.”

அவர் அதைச் சொன்னது எங்களைத் திடுக்கிடவைக்கவில்லை. சொன்னபிறகு கூடத்தில், வாசலில், தெருவில், பாலம்வரைக்கும் நின்ற இத்தனை பேரில் ஒருவர்கூட ‘சீ’ என்று சொல்லவில்லை, அதுதான். நான் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தேன், யாராவது சொல்வார்கள் என்று. அவர்களும் அதற்காகத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு தலையாக, ஆடுகிறதா ஆடவில்லையா என்று தெரியாதபடி, ஆடியது. எங்கள் ஊர்த் தலைகள் அவை. தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொள்கிற தலைகள்.

கொல்லை அறைக் கதவு திறந்தது. தையல்நாயகி வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, தாயார் தடுக்கத் தடுக்க வெளியே வந்து நின்றாள். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“வைரக்கண்ணு மாமா, எனக்கு வளைகாப்புல முதல் வளையல் போட்டது உங்க வீட்டு அத்தைதானே?”

அவர் தலையைத் தூக்கவில்லை.

“சிங்காரவேலு அண்ணே, நீ என்ன சொன்ன? பொண்ணுன்னாலும் புள்ளைன்னாலும் ஊருக்கே ஓசி டீன்னு சொன்னியா இல்லையா? இப்ப எங்க பாக்குற? இங்க பாரு. எங்கிட்ட பாத்துச் சொல்லு.” அடுத்த வலி வந்து அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். இரும்பு இன்னும் ஒரு விரற்கடை திரும்பியது.

உத்திராபதி வாய்க்கட்டை அவிழ்த்தான். நொண்டிக்கொண்டு போய், வாசலில் நின்ற, மைக் கட்டின தன் ஆட்டோவில் ஏறினான், ஆம்ப்ளிஃபயர் பொத்தானை அமுக்கினான், குழாய் ‘ஙொய்’ என்று கூவி அடங்கியது. “ஹலோ. மைக் டெஸ்ட்டிங். ஒன், டூ, த்ரீ” என்றான். பழக்கம் விடவில்லை. பிறகு அந்தக் குரல், எங்கள் எல்லாருடைய நல்லதையும் கெட்டதையும் எங்களுக்கு முன்னால் அறிந்த குரல், கணீரென்று வந்தது.

“வருந்துகிறோம். நாணல்மூலை மேலத்தெரு, குஞ்சம்மாளின் கணவரும், தையல்நாயகியின் அன்புத் தந்தையும், பிறக்கவிருக்கும் பேரக்குழந்தையின் தாத்தாவுமாகிய, மைக்செட் உத்திராபதி அவர்கள்...”

குஞ்சம்மாள் தாலியைப் பிடித்துக்கொண்டு போட்ட அலறலில் கூடத்தில் எரிந்த விளக்கு அணைந்து திரும்ப எரிந்தது. அம்மாக்கண்ணு, பெயர் கிடைத்துவிட்ட நிம்மதியில், மாரில் அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். இரும்பு மகளை விட்டு வாசல் பக்கம் திரும்பியது, ஆட்டோவைப் பார்த்து, சரேலென்று. உத்திராபதி மூச்சு வாங்கினான்.

“...தனது நூற்று இருபதாவது வயதில், இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் இறுதி ஊர்வலம் அன்று மாலை நாலு மணியளவில் அவரது இல்லத்திலிருந்து புறப்படும்.”

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. எப்போதும் ‘இன்று மாலை’ என்று வருகிற இடத்தில் ‘அன்று மாலை’ என்று வந்ததை முதலில் பிடித்தவள் அம்மாக்கண்ணுதான். எழுந்து, அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டே ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“இப்ப உனக்கு என்னா வயசு?”

“அம்பத்தொம்பது.”

“சரியாப் போச்சு. அன்னைக்கு நாங்க எவளும் இருக்கமாட்டோம். எம்பேத்திங்ககிட்டச் சொல்லி வைக்கிறேன்.” திரும்பி, போகிற வாக்கில், “வர்றோம்ப்பா” என்றாள்.

எழவு வீட்டிலிருந்து கிளம்புகிற யாரும் ‘வர்றேன்’ என்று சொல்லமாட்டார்கள், பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அவள் சொன்னாள், பின்னால் எழுந்த ஒவ்வொருத்தியும் சொன்னாள், வர்றோம், வர்றோம், வர்றோம் என்று. அதைக் கேட்டபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பாலம்வரைக்கும் நின்ற வண்டிகள் தாமாகவே உறுமிக் கிளம்பின, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது, தெரு முழுக்க ஒரே நேரத்தில் அடுப்பு புகைந்தது. பொழுது சாய்வதற்குள் தையல்நாயகிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரும்பைக் குஞ்சம்மாள் கோணியில் சுற்றிப் பரணில் போட்டாள். அவசரமில்லாத எழவாகையால் அது பேசாமல் கிடக்கிறது. காந்தத்தை உத்திராபதி கயிற்றோடு மடுவில் விட்டுவிட்டான்.

ஊர் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வீடு பலகாரம் செய்து கொண்டுபோய் உத்திராபதி வீட்டில் வைத்தோம், வைத்துவிட்டுச் சட்டென்று திரும்பிவிட்டோம். யார் யார் பெயரைச் சொன்னார்கள் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் சொல்லமாட்டான் என்றும் எங்களுக்குத் தெரியும், அவன் எதிரே வந்தால் செருப்பில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல எல்லாரும் குனிந்துகொள்கிறோம். ‘என்ன எழவு’ என்று மட்டும் இப்போது ஒருவர் வாயிலும் வருவதில்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டுவிட்டு மேலே பேசுகிறோம்.

தீட்டுக் கழித்த அன்று நான் போயிருந்தேன். குஞ்சம்மாள் சந்தோஷத்தில் மிதந்தாள். “இனிமே எனக்கென்ன கவலை? இவுங்களுக்கு முன்னாடி நான் பூவும் பொட்டுமா போய்ச் சேர்ந்துருவேன்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு கேசரி பரிமாறினாள். உத்திராபதியும் சிரித்துக்கொண்டிருந்தான். தையல்நாயகி மட்டும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, விரல் கணுக்களில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அம்மா போறப்ப நீதான் மைக்ல சொல்லுவ?”

“வேற யார் சொல்றது? நான்தான்.”

“நீ நூத்தி இருபது இருந்தீன்னா...” அவள் மறுபடியும் முதல் கணுவிலிருந்து எண்ணினாள். “என்னையும் நீதான் சொல்லணுமா?”

உத்திராபதியின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது. ஆட்டோவில் ஏறினபோது அவனுக்கு இது தோன்றவே இல்லை என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தத் தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. குஞ்சம்மாள் கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

தையல்நாயகி பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். “சரி, புடி. கழுத்தைத் தாங்கிப் புடி” என்றாள். அவன் பிடித்துக்கொண்டதும், அவன் முகத்தைப் பார்க்காமல், முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“சொல்றப்ப எனக்கும் வயசைக் கூட்டியே சொல்லுப்பா.”